பங்குனியில் வந்த மார்கழி இருமல்

இருமலைக் கேட்டே மாதத்தைச் சொல்லிவிடலாம் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. சாத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். குழந்தை மருத்துவம் படித்து முடித்துவிட்டு இந்த மாவட்டத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் மருந்தின் அளவைப் பற்றிப் பேச எனக்கு எதுவும் இல்லை. அது உங்கள் கைபேசியில் என்னைவிடச் சரியாக இருக்கிறது. பன்றிக் காய்ச்சல் வந்த வருஷத்தையும் அதற்குப் பின் வந்த பங்குனியில் ஒரு பகலையும் மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்பெல்லாம் எங்கள் வருஷம் எப்படி நகரும் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஆடிக் காற்றில் கரிசல் புழுதி பறக்கும்போது மூக்கு ஒழுகும் பிள்ளைகள் வருவார்கள். ஆவணி, புரட்டாசியில் பள்ளிப் பிள்ளைகளின் காய்ச்சல். தீபாவளி முடிந்த மறுநாள், ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளைகள். கார்த்திகை மழை பிடித்து மார்கழிப் பனி இறங்கியதும் பச்சைப் பிள்ளைகள் வரத் தொடங்கும். ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகள். மூக்கின் ஓரம் விரிந்து விரிந்து சுருங்கும். விலாவுக்கு நடுவே தோல் உள்ளே குழியும். நெஞ்சில் காதை வைத்தால் பூனைக்குட்டி உறுமுவது போலக் கேட்கும். மூச்சுக் குழலின் நுனிக் கிளைகளைச் சளி அடைத்துக்கொள்ளும் நோய் அது. அதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் உங்களுக்குத் தெரியும். எங்கள் தாய்மார்களுக்கு அது மார்கழிச் சளி.

அந்த மார்கழி வார்டை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைந்துவிடும். கட்டில் போதாமல் பாய் விரித்துக் கிடப்பார்கள். தாயில்பட்டி, அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் ஒரு புறம், சாத்தூர் கடைத்தெரு முஸ்லிம் வீட்டுப் பெண்கள் மறுபுறம். ஒருத்தி குளிக்கப் போனால் அடுத்தவள் பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்வாள். காலையில் வந்த இட்லியை மாற்றி மாற்றிச் சாப்பிடுவார்கள். “இந்தப் பயலுக்கு நேத்தைக்கு இன்னைக்குத் தேவலைல்ல?” என்று நான் கேட்டால் பதில் அவன் தாயிடமிருந்து வராது, எதிர்க் கட்டிலிலிருந்து வரும். ஒரு வார்டு முழுக்க இருமிக்கொண்டே இருக்கும்போது அதில் இத்தனை சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணம் இருந்தது. தீபாவளி முடிந்தால் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். திறந்தாலும் மழை நாளில் பட்டாசு காயாது, வேலை மந்தமாகத்தான் இருக்கும். ஆகவே மார்கழியில் தாய்மார்கள் வீட்டில் இருப்பார்கள். பிள்ளை முதல் இருமல் இருமியதும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். முதல் இருமலில் வந்த பிள்ளையைத் தேற்றுவது பெரிய காரியமில்லை. தாய்க்கு நேரம் இருந்த மாதத்தில் அந்த நோய் வந்துகொண்டிருந்தது. அது எங்கள் அதிர்ஷ்டம். அப்போது அதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்றிக் காய்ச்சல் வந்த ஆவணியில் முத்துமாரி தன் மகள் செல்வியை அழைத்து வந்தாள். முத்துமாரி தாயில்பட்டிக்காரி. ஒரு கம்பெனியில் திரி வைக்கும் வேலை. கணவர் கேரளாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. மூன்றாம் வகுப்புப் படித்த செல்விக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. இருமல், தொண்டை வலி, கண்ணைத் திறக்க முடியாத சோர்வு. செய்தித்தாளில் தினமும் பன்றிக் காய்ச்சல் என்று பெரிய எழுத்தில் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அதற்கான மாத்திரை எங்களைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு வராது. மதுரை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். செல்வியைவிட வயிற்றுப் பிள்ளையோடு நின்ற முத்துமாரியை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன்.

செல்வி ஒரு வாரத்தில் எழுந்து ஓடத் தொடங்கிவிட்டாள். முத்துமாரிக்குக் காய்ச்சல் வரவே இல்லை. ஆனால் ஊரில் நடந்தது வேறு. சுகாதார வண்டி அவர்கள் தெருவுக்குப் போய் மருந்து அடித்துவிட்டு வந்தது. அதோடு அந்த வீட்டுக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது. பொதுக் குழாயில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். தீபாவளிச் சீசன் உச்சத்தில் இருந்த நேரத்தில் கம்பெனிக்குள் அவளை விடவில்லை. கார்த்திகையில் ஆண் குழந்தை பிறந்ததைச் சொல்ல வந்தபோது அவள் சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“காச்சல் ஒரு வாரத்துல போயிருச்சு டாக்டரம்மா. பேருதான் போகமாட்டேங்குது. பஸ்ல உக்காந்தா பக்கத்துல இருக்கவ எந்திரிச்சுப் போறா.”

நான் அவளுக்கு என்னவோ ஆறுதல் சொன்னேன். அது காலப்போக்கில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கார்த்திகையில் வழக்கம்போலக் கூடுதல் ஆக்சிஜன் சிலிண்டர்களை வாடகைக்கு எடுத்து அடுக்கினோம். பாய்களைத் துவைத்துக் காயப்போட்டோம். மழை வந்தது. பனியும் வந்தது. பிள்ளைகள் வரவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக மூக்கொழுகல். மார்கழி வார்டில் கட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன. எங்கள் மூத்த செவிலியர் பாக்கியம் சிஸ்டர், வேலையில்லாமல் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டே, “எல்லாப் பிள்ளைகளும் நல்லாருக்குன்னு சந்தோசப்படணும். எனக்கு என்னமோ பக்குனு இருக்கு டாக்டரம்மா” என்றார். சக மருத்துவர்கள் போனில் கேலி பேசினார்கள். முகமூடி போட்டதால், கை கழுவியதால் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெரிய தொற்று ஒன்று ஊருக்குள் உலவும்போது வழக்கமான கிருமிகள் ஒதுங்கி நிற்பதுண்டு என்று பிற்பாடு படித்தேன். அன்று எனக்கு எதுவும் தெரியாது. தை முடிந்ததும், வருஷா வருஷம் செய்வது போல வாடகை சிலிண்டர்களைத் திருப்பி அனுப்பினோம்.

பங்குனி பிறந்தது. வெயில் ஏறிய ஒரு காலையில் ஜாபர் பாயும் அவர் மனைவி நசீமாவும் ஐந்து மாதக் குழந்தை அஜ்மலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜாபர் பாய்க்கு மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். கடைக்குப் பின்னாலேயே வீடு.

“கடையில வத்தல் மூட்டை பிரிச்சோம். அந்த நெடிதான் பிள்ளைக்கு ஏறிருச்சு” என்றார் அவர்.

நான் குழந்தையின் நெஞ்சில் காதுக்குழலை வைத்தேன். பூனைக்குட்டி உறுமியது. மின்விசிறி அனல் காற்றைக் கொட்டிக்கொண்டிருந்த அறையில், மார்கழியில் மட்டும் நான் கேட்ட சத்தம். ஒரு கணம் எனக்கு என் காதின் மேல்தான் சந்தேகம் வந்தது. பாக்கியம் சிஸ்டரிடம் காதுக்குழலைக் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

அடுத்தடுத்த நாட்களில் சாத்தூர் டவுனிலிருந்து இன்னும் சில பிள்ளைகள். எல்லாம் கடைத்தெரு வீடுகள். கிராமங்களிலிருந்து ஒன்றுகூட இல்லை. அது எனக்கு உறுத்தியது. டவுனில் இருக்கும் சளி தாயில்பட்டியில் இல்லாமல் போகுமா? மழை ஓய்ந்துவிட்டால் கம்பெனிகளில் வேலை மும்முரமாக ஓடும் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. தாய்மார்கள் விடிந்ததும் கம்பெனி வண்டி ஏறிவிடுவார்கள். பச்சைப் பிள்ளைகள் யார் வீட்டிலோ கிடக்கும். நோய் மாதம் மாறி வந்துவிட்டது, தாய்மார்களின் வேலை அதன் மாதத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

இதை யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பகல் வந்துவிட்டது.

அன்று காலையிலிருந்தே ஜாபர் பாய் நிலைகொள்ளாமல் இருந்தார். அஜ்மல் வார்டில் பெரிய சிலிண்டரின் ஆக்சிஜனில் இருந்தான். மூச்சு வேகமாகத்தான் இருந்தது. ஆனால் முகத்தில் தெளிவு இருந்தது, தாயைப் பார்த்தால் கண் சிமிட்டினான். இங்கேயே தேறிவிடுவான் என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாய்க்கு மனசு கேட்கவில்லை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயே தீருவேன் என்று நின்றார். ஒரு தகப்பனின் பயத்தோடு எவ்வளவு நேரம் வாதாடுவது? சரி என்றேன். அவருடைய கார் வாசலுக்கு வந்தது. பயணத்துக்கென்று எங்களிடம் இருந்த ஒரே சின்ன சிலிண்டரைப் பின் இருக்கையில் கட்டி வைத்தோம். பாக்கியம் சிஸ்டர் கூடப் போவதாக ஏற்பாடு.

அப்போது, கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு பெண் நிற்பதை பாக்கியம் சிஸ்டர்தான் பார்த்தார். முந்தானையால் எதையோ மூடிப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல் நின்றாள்.

“டாக்டரம்மா, அது நம்ம முத்துமாரில்ல?”

நான் வெளியே போனேன். அவள் விரல்களில் கம்பெனியின் வெள்ளி நிற மருந்து இன்னும் ஒட்டியிருந்தது. வெடியில் அடைக்கும் பொடிக்கு இங்கே மருந்து என்றுதானே பெயர். கம்பெனியில் மறுபடி சேர்த்திருக்கிறார்கள், வேலைவிட்டுக் கைகூடக் கழுவாமல் வந்திருக்கிறாள்.

“ஏம்மா வெளியில நிக்கிற?”

“உள்ள அம்புட்டுப் பேரு இருக்காக. என்னயப் பாத்தா எந்திரிச்சுப் போயிருவாக. கூட்டம் குறையட்டும்னு நின்னேன். சளிதான் டாக்டரம்மா. நாத்தனா வீட்டுல விட்டுட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் வெயிலுக்கு வேலைய நிறுத்துனாக. வந்து பாத்தா பால எடுக்க மாட்டேங்குறான்.”

முந்தானையை விலக்கினேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. பிறகு ஒரு உலுக்கலோடு மறுபடி தொடங்கியது. எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன். “கொஞ்ச நாளாவே இருக்கு” என்றாள். மறைத்து வைத்திருந்தாள். மறுபடி அந்தப் பெயர் விழுந்தால் இந்தச் சீசன் வேலையும் போய்விடும் என்று பயந்திருந்தாள்.

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அமுக்கினால் காற்றுத் தரும் பையையும் முகமூடியையும் வைத்து மூச்சுக் கொடுத்ததும் நிறம் திரும்பியது. கையை எடுத்தால் மறுபடி நீலம். இனி இயந்திரம்தான் இவனுக்கு மூச்சு விட வேண்டும். அந்த இயந்திரம் மதுரையில் இருந்தது. நூற்றெட்டுக்குப் போன் செய்தோம். மேற்கே ஒரு கம்பெனியில் தீப்பிடித்திருந்தது. இருந்த ஆம்புலன்ஸ்கள் எல்லாம் அங்கே போயிருந்தன. வாடகைக் கார்களும் அந்தப் பக்கம்தான் போயிருந்தன. வாசலில் நின்றது ஒரே ஒரு கார்.

ஜாபர் பாயைத் தனியாக அழைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கடினமான பேச்சை வேறு யாரிடமும் பேசியதில்லை.

“பாய், அந்தப் பிள்ளைய உடனே மதுரைக்கு அனுப்பணும். உங்க காரும் அந்தச் சின்ன சிலிண்டரும் வேணும்.”

அவர் முகம் மாறியது. “காலையில இருந்து நான் கேட்டப்ப வேணாம் வேணாம்னீக. இப்ப இன்னொரு பிள்ளைக்குன்னதும் வேணும்ங்கிறீக. என் மகன் பிள்ளையில்லையா?”

“உங்க மகனுக்கு வேணாம்னு சொன்னேன். இப்பவும் அதான் சொல்றேன். அவன் இங்கயே தேறுவான்னு நம்புறேன். அந்தப் பிள்ள இங்கன இருந்தா பொழைக்காது.”

“அப்ப ரெண்டு பிள்ளையும் ஏத்திக்கிட்டுப் போவோம்.”

“சிலிண்டர் ஒண்ணுதான் பாய். சிஸ்டருக்குக் கை ரெண்டுதான். அந்தப் பிள்ளைக்கு மூச்சுக் குடுக்கவே ரெண்டு கையும் வேணும். வழியில உங்க மகனுக்கு முட்டுச்சுன்னா யாரு பாக்குறது?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

வாசலில் நசீமா நின்று கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. உள்ளே வந்தவள் என்னிடம் எதுவும் கேட்காமல் அடுத்த அறைக்குப் போனாள். அங்கே பாக்கியம் சிஸ்டர் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். முத்துமாரி தரையில் உட்கார்ந்து பிள்ளையின் காலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். நசீமா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

“எம்மவன் இங்கயே பொழைச்சுக்கிருவான்னு உறுதியாச் சொல்றீகளா டாக்டரம்மா?”

ஆம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்தச் சொல் நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் ஐந்து மாதக் குழந்தையின் மூச்சுக்கு யார் உறுதி கொடுக்க முடியும்?

“உறுதி சொல்ல முடியாதும்மா. நான் பாத்த வரைக்கும் அவன் தேறுவான்னுதான் தோணுது. தப்பாப் போகவும் வாய்ப்பிருக்கு. அவன் கட்டில விட்டு நான் நகரமாட்டேன். அதை மட்டும் உறுதியாச் சொல்றேன்.”

அவள் கணவரைப் பார்த்தாள். “வண்டியக் குடுங்க” என்றாள்.

பிள்ளையைக் காருக்குக் கொண்டு போனபோது இன்னொரு சிக்கல். காத்திருந்த கூட்டத்தில் ஒருவர் முத்துமாரியை அடையாளம் கண்டுவிட்டார். “இது தாயில்பட்டி பன்னிக் காச்சல் வீட்டுப் பொம்பளைல்ல?” என்று அவர் சொன்னதுதான் தாமதம், பெஞ்சில் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். பாயின் டிரைவர் சாவியை வண்டியின் மேல் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

“நானும் பிள்ளைகுட்டிக்காரன் மொதலாளி. என்னய விட்ருங்க.”

முத்துமாரி யாரையும் பார்க்கவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போ என்று சொன்னால் போய்விடுவாள் போலத் தெரிந்தது. ஜாபர் பாய் டிரைவரைத் திட்டவில்லை. வார்டு ஜன்னலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். சாவியை எடுத்தார்.

“ஏறு தாயி” என்று முத்துமாரியிடம் சொன்னார்.

தன் மகனை இங்கே விட்டுவிட்டு, ஊரே பயந்து விலகிய ஒரு குழந்தையோடு அவர் மதுரை ரோட்டில் போனார். நாலு வழிச் சாலை வேலை அங்கங்கே இன்னும் முடியாமல் கிடந்தது. பின் இருக்கையில் பாக்கியம் சிஸ்டர் வழி நெடுகப் பையை அமுக்கிக்கொண்டே போனதாகவும், திருமங்கலம் வரும்போது பாய், “சிஸ்டர், பிள்ளைக்கு மூச்சு இருக்குல்ல?” என்று மட்டும் கேட்டதாகவும் சிஸ்டர் பிறகு சொன்னார்.

இங்கே நான் அஜ்மலின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கார் போய்க் கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சின் வேகம் கூடத் தொடங்கியது. காலையில் இருந்த தெளிவு முகத்தில் இல்லை. விலா ஆழமாக உள்ளே இழுத்தது. மூக்கைச் சுத்தம் செய்தேன். நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன். செய்யக்கூடியது அவ்வளவுதான். மற்றது காத்திருப்பது. வாசலில் காரும் இல்லை, கைச் சிலிண்டரும் இல்லை. இன்னும் ஒரு மருந்து, இன்னும் ஒரு ஊசி என்று எதையாவது செய்யச் சொல்லி என் கை பரபரத்தது. அந்த நோயில் அந்த மருந்துகளால் பலனில்லை என்று எனக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டேன். பதற்றத்தில் நாம் கொடுக்கும் மருந்தில் பாதி நம் பதற்றத்துக்காகக் கொடுப்பது. இதைத்தான் நீங்கள் படிப்பில் கற்றிருக்க மாட்டீர்கள்.

நசீமா பிள்ளையை மார்பில் சாய்த்துக்கொண்டு வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தாள். ஒரு தரம்கூட என்னிடம் ‘என்ன டாக்டரம்மா’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வெளி நோயாளிகளைத் திருப்பி அனுப்பினோம். நான் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. வெயில் இறங்கும் நேரத்தில் போன் அடித்தது. பாக்கியம் சிஸ்டர். “சேத்துட்டோம் டாக்டரம்மா. மிசின்ல போட்டுட்டாக. நிறம் நல்லாருக்கு.” பிறகு பாயின் குரல். “அவன் எப்படி இருக்கான்?”

போனை நசீமாவிடம் கொடுத்தேன். மகனின் விலாவைப் பார்த்துக்கொண்டே அவள் பேசினாள். “மூச்சு வாங்கத்தான் செய்யுது. டாக்டரம்மா இங்கனதான் உக்காந்திருக்காக. நீங்க பதறாம வண்டிய ஓட்டிட்டு வாங்க.”

அந்தப் பேச்சு முடிந்து வெகு நேரம் எதுவும் மாறவில்லை. பிறகு, எப்போது என்று சொல்ல முடியாத மாதிரி, மூச்சின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. விலாவின் குழி மேலேறியது. கண்ணைத் திறந்து தாயின் கழுத்துச் செயினைப் பிடித்து இழுத்தான். பால் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நின்று நின்று குடித்தான். ஆனால் குடித்தான்.

பள்ளிவாசலில் அந்தி நேர மஃரிப் பாங்கு சொல்லும்போது ஜாபர் பாய் வந்து சேர்ந்தார். வார்டு வாசல்வரை ஓடி வந்தவர் சட்டென்று நின்றார். அந்தப் பிள்ளையோடு போய்வந்த கை. குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு உள்ளே வந்து மகன் பால் குடிப்பதைப் பார்த்தார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து நான் என் நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே வந்தேன். அன்று மத்தியானத்துக்குப் பிறகு நான் எழுந்தது அப்போதுதான்.

முத்துமாரியின் பிள்ளை சில நாள் இயந்திரத்தில் இருந்துவிட்டு மீண்டான். மதுரையில் சோதித்துப் பார்த்து, பன்றிக் காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தைக்குத்தான் நான் காத்திருந்தேன். அது தெரிந்த மறுநாள் விடியலில் அவள் வேலை பார்த்த கம்பெனியின் வண்டி நிற்கும் இடத்துக்குப் போனேன். பிள்ளைக்குச் சளி என்றால் தாயை விட வேண்டும் என்று கேட்டதும் அங்கிருந்த போர்மேன் தயங்கினார்.

“லீவு குடுத்தா லோடு நின்னுரும் டாக்டரம்மா. ஆர்டர் கெடக்குது.”

“பிள்ளைக்குச் சளின்னு வர்றவளுக்கு ஒரு காலைப் பொழுது குடுங்க. அடுத்த நாளு வேலைக்கு வந்துருவா. ஒளிச்சு வச்சுப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவ எந்த நாளும் வரமாட்டா.”

அவர் வண்டியில் இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப இது பன்னிக் காச்சல் இல்லைன்னு நீங்களே எல்லாருக்கும் கேக்குறாப்புல சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டாக.”

வண்டியின் படியில் ஏறி நின்று சொன்னேன். “மார்கழியில வர்ற அதே சளிதான். இந்த வருசம் பங்குனியில வந்திருக்கு. ஏன்னு எனக்கே தெரியலை. மூச்சு வாங்குன உடனே தூக்கிட்டு வாங்க. யாரையும் யாரும் ஒதுக்க வேணாம். முத்துமாரி வீட்டையும்தான்.” பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மதியமே அச்சங்குளத்திலிருந்து ஒருத்தி வந்தாள். அடுத்த நாள் தாயில்பட்டியிலிருந்து மூன்று பேர். அந்த வாரக் கடைசியில் எங்கள் வார்டில் பாய் விரிக்க வேண்டியிருந்தது. வியர்த்துக் கொட்டிக்கொண்டு, பனை ஓலை விசிறியால் பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டு, சித்திரை பிறக்கும் நேரத்தில் ஒரு மார்கழி வார்டு. எனக்கு மிகவும் பிடித்த வார்டு அதுதான்.

இதற்குப் பிறகு இதைவிடப் பெரிய தொற்று ஒன்றை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். அது ஓய்ந்த பிறகும் பிள்ளைகளின் சளி மாதம் தப்பி வந்ததாக உங்களில் சிலர் என்னிடம் சொன்னீர்கள். கிருமி எந்த மாதம் வரும் என்று ஊகிக்க உங்களிடம் இப்போது நல்ல கருவிகள் இருக்கின்றன. அந்த மாதத்தில் பிள்ளையின் தாய் எங்கே இருப்பாள், எதற்குப் பயப்படுவாள் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அதை நீங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அஜ்மல் இறந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ஒரு முறை உங்களைப் போன்ற ஒரு பெண் மருத்துவர் என்னைக் கேட்டாள். அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அந்தக் கேள்வியும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

சில மாதம் கழித்து அஜ்மலுக்குத் தடுப்பூசி போட நசீமா வந்தாள். ஊசி போட்டு முடிந்து, அவன் அழுகை அடங்கிய பிறகு, அன்று எப்படி மனசு வந்து காரை அனுப்பினாய் என்று கேட்டேன். அந்தப் பிள்ளையைப் பார்த்த இரக்கம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்காக எம்பிள்ளைய விட்ருவனா?” என்றாள் நசீமா. “உறுதியான்னு கேட்டேன்ல. நீங்க மட்டும் உறுதின்னு சொல்லிருந்தீகன்னா வண்டிக்காகச் சொல்றீகன்னு நெனச்சிருப்பேன், விட்டுருக்கவே மாட்டேன் டாக்டரம்மா.”

மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த ஊசி எப்போது என்று கேட்டுவிட்டுப் போனாள்.